குழந்தைக்குக் கல்லீரல் எலாஸ்டோகிராபி (இறுக்கம் அளக்கும் ஸ்கேன்) எடுத்தவர்கள் யாராவது உண்டா?
வணக்கம். என் தங்கை மகனுக்கு மூன்று வயது. பித்தக்குழாய் அடைப்புக்காகக் கைக்குழந்தையாக இருந்தபோதே கசாய் அறுவை சிகிச்சை (பித்தம் வடிய, குடலை நேராகக் கல்லீரலோடு இணைப்பது) நடந்தது. இப்போது கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க ஃபைப்ரோஸ்கேன் என்ற எலாஸ்டோகிராபி எடுக்கச் சொல்கிறார் டாக்டர். விலாவின் மேல் கருவியை வைத்து லேசாக ஒரு தட்டு. அந்த அதிர்வு உள்ளே வேகமாக ஓடினால் இறுக்கம் அதிகம். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. அதுவரை சரி.

ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு எஸ் ப்ரோப் (விலாவில் வைக்கும் கருவியில் சின்ன அளவு) வேண்டுமாம். விசாரித்த இடத்தில் பெரியவர்களுக்கான எம் ப்ரோப் மட்டும்தான் இருக்கிறது. சென்னை, வேலூர் பக்கம் எஸ் ப்ரோப் எங்கே உண்டு?

போன வருடம் வேறொரு சென்டரில் ஷியர் வேவ் (அல்ட்ராசவுண்ட் மெஷினிலேயே இறுக்கம் அளக்கும் முறை) எடுத்தார்கள். வயிறு முட்டப் பால் குடித்திருந்தான், கூடவே ஒரே அழுகை. சாப்பிட்டதும் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடி, இறுக்கமும் கூடுதலாகக் காட்டும் என்று பிறகுதான் தெரிந்தது. மெஷின் மாறினாலும் இறுக்கத்தைக் காட்டும் கிலோபாஸ்கல் எண் மாறுமாம். அப்படியென்றால் பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடலாமா? உங்கள் டாக்டர்கள் என்ன சொன்னார்கள்?

அப்புறம், மூன்று மணி நேரம் வெறும் வயிற்றில் இந்த வாண்டுவை எப்படிச் சமாளிப்பது? மயக்க மருந்து கொடுக்காமல் எடுத்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.