வீடு கட்டும் பணம் வேலையை முந்திவிட்டது, என்ன செய்யலாம்?

கேள்வி (திருச்சி):
1,200 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் கொண்ட வீடு. பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்று பேசி, வைகாசியில் பூசை போட்டோம். செங்கல் லோடு, கம்பி, சனிக்கிழமைக் கூலி என்று ஒப்பந்தக்காரர் கேட்டபோதெல்லாம் கொடுத்ததில், மொத்தம் 27.60 லட்சத்தில் இதுவரை 18 லட்சம் போய்விட்டது. சுவர் லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் போடும் விட்டம்) மட்டத்தில் நிற்கிறது. இன்னும் 3 லட்சம் தந்தால்தான் சென்ட்ரிங் (காங்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) அடிப்பேன் என்கிறார். ரூஃப் காங்கிரீட் முடிந்தால்தான் அடுத்த தவணை என்று வங்கியும் சொல்லிவிட்டது. ஐப்பசி மழைக்குள் மேல்தளம் போட்டுவிட முடியுமா?

பதில் (கட்டடப் பொறியாளர்):
ஐயா, முதலில் கணக்கைப் பார்ப்போம். நான் எழுதும் ஒப்பந்தங்களில் முன்பணம் 5 விழுக்காடு, பேஸ்மெண்ட் (சுவருக்குக் கீழான அடித்தளம்) முடிந்ததும் 20, லிண்டலுக்கு 15, ரூஃபுக்கு 20, பூச்சுக்கு 15, தரை, ஒயரிங், குழாய் வேலைகளுக்கு 15, பெயிண்டுக்கு 5, சாவி வாங்கிய பிறகு 5 என்று வைப்பேன். இதன்படி லிண்டல் வரை சேர வேண்டியது 11.04 லட்சம்தான். ரூஃப் முடிந்தாலும் 16.56 லட்சம்தான் ஆகும் என்பதால், அதுவரை அவருக்கு நீங்கள் தர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை. ஆனாலும் இப்போது சண்டை போட்டு வேலையை நிறுத்திவிட்டால் மழையில் நனைவது உங்கள் சுவர்தான். ஆகவே பணமாகத் தராமல், மேல்தளத்துக்கான சிமெண்ட்டையும் கம்பியையும் நீங்களே கடையில் வாங்கி இறக்கி, அந்தத் தொகை ஒப்பந்தத் தொகையில் கழியும் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஐந்து அங்குலக் கனத்தில் 1,200 சதுர அடி என்றால் 500 கன அடி, அதாவது சுமார் 14 கன மீட்டர் காங்கிரீட். பீம்களுக்கு ஆவது தனி. இந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டு மூட்டைகளை எண்ணினால் பொருள் வேறு இடத்துக்குப் போகாது.

நாள் கணக்கையும் காங்கிரீட் போடும் தேதியிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். லிண்டலுக்கு மேல் சுவர், சென்ட்ரிங், கம்பி கட்டுதல், அதற்குள் மின்குழாய் பதித்தல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி வேண்டும். போட்ட பிறகு தண்ணீர் கட்டி ஆற்றும் நாட்களைக் குறைக்காதீர்கள். இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 படி, சாதாரண சிமெண்ட்டில், தளத்தின் முட்டுகளை, தளத்தைத் தாங்கும் சுவர்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை இருந்தால் 7 நாளும் அதற்கு மேல் என்றால் 14 நாளும் கழித்துத்தான் எடுக்க வேண்டும். ஜன்னல் கிரில்லுக்கு இந்த நாட்களில் ஆர்டர் கொடுத்துவிடலாம்.

பதில் (வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் பணியாற்றியவர்):
காங்கிரீட் போட்ட அன்றே புகைப்படங்களுடன் வங்கிக்குக் கடிதம் கொடுங்கள். மதிப்பீட்டுப் பொறியாளர் நேரில் பார்த்து அறிக்கை தந்த பிறகே பணம் வரும் என்பதால் அந்த இடைவெளியையும் உங்கள் தேதிகளில் சேர்த்துக்கொள்ளுங்கள். விடுவித்த தொகைக்கு மட்டுமே வட்டி ஓடுகிறது, எனவே தேவைக்கு முன்பே வாங்கி வைப்பதில் நன்மை இல்லை. இன்னொன்று: சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி), காம்பவுண்ட் சுவர், செப்டிக் டேங்க் ஆகியவை அந்த 2,300 ரூபாயில் அடங்குமா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அடங்காது. கடைசியில் கையைக் கடிப்பவை இவைதான், கடனிலும் பல நேரம் இவற்றுக்கு இடம் வைத்திருக்க மாட்டார்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன், சம்ப் அதில் இல்லை. இன்று மாலை மேஸ்திரியையும் உடன் வைத்துக்கொண்டு ஒப்பந்தக்காரரிடம் 11.04 லட்சக் கணக்கைக் காட்டினேன். முதலில் மறுத்தவர், கம்பியையும் சிமெண்ட்டையும் நாங்களே வாங்கிக் கழித்துக்கொள்வதற்கு ஒப்புக்கொண்டு, நோட்டில் தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டார். திங்கட்கிழமை சென்ட்ரிங் பலகை வருகிறது.