பைலட் சங்கத்தில் சேருவதா? சின்ன ஏர்லைனில் பறந்தவர்கள் சொல்லுங்கள்

ஏடிஆர்க்காரன்:

போன வாரம் ஒரு ஜூனியர் பையன் போன் செய்தான். ஏடிஆர் (இரண்டு புரொப்பெல்லர் வைத்த சின்ன விமானம்) ஓட்டுகிறான், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். "அண்ணா, சங்கம் ஆரம்பிக்கிறாங்க, கையெழுத்துப் போடட்டுமா?" என்றான். போடு என்றும் சொல்ல வாய் வரவில்லை, போடாதே என்றும் வரவில்லை. என் கதையைச் சொன்னேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள். கம்பெனி பெயர் மட்டும் வேண்டாம். எங்களிடம் இருந்ததே அறுபது சொச்சம் பைலட். பேஸ் (டியூட்டி தொடங்கும் இடம்) எந்த ஊர் என்று சொன்னாலே ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

2019. நான் எஃப்.ஓ., அதாவது துணை பைலட். பறந்த கணக்கு 1,300 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 1,500 வந்தால் ஏடிபிஎல் லைசென்ஸ், அதற்குப் பிறகுதான் கமாண்ட், அதாவது கேப்டன் பதவி பற்றிப் பேச்சே. படிப்புக்கும், டைப் ரேட்டிங் என்கிற குறிப்பிட்ட ரக விமானத்துக்கான பயிற்சிக்குமாக அறுபது லட்சம் தாண்டியிருந்தது. பல்லடம் பக்கம் அம்மா வழியில் வந்த நிலம் போனது, மீதிக்கு வீட்டின் மேல் கடன். இது போக கம்பெனிக்கு மூன்று வருட பாண்டு, அதற்கு ஈடாகத் தேதி போடாத செக் நான்கு. எச்.ஆர். மேஜையின் இரண்டாவது டிராயரில் அவற்றைப் போட்டுப் பூட்டியதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த டிராயர் என் கனவில்கூட வந்திருக்கிறது.

சம்பளம் இரண்டு மாதம் பாக்கியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் டியூட்டி ரோஸ்டர் இரவு பத்து மணிக்கு மாறும். ஒரு நாளைக்கு ஐந்து செக்டர் (ஒருமுறை ஏறி இறங்குவது ஒரு செக்டர்), சில நாள் ஆறு. ஏடிஆர் ஓட்டாதவர்களுக்கு ஒரு விஷயம்: அதில் ஏபியு (தரையில் நிற்கும்போது மின்சாரமும் ஏசியும் தரும் சின்ன இன்ஜின்) கிடையாது. தரையில் நிற்கும்போது ஏசி வேண்டுமென்றால் வலது இன்ஜினை ஓடவிட்டு, புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி வைப்போம். ஹோட்டல் மோட் என்று பேர். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். எரிபொருள் மிச்சம் பிடிக்க அதையும் குறையுங்கள் என்று ஒரு சர்க்குலர் வந்தது. மே மாதம், மத்தியானம் இரண்டு மணி, கண்ணாடி முழுக்க வெயில். இறங்கி மறுபடி கிளம்புவதற்குள் கிடைக்கும் இருபத்தைந்து நிமிட டர்ன்அரவுண்டில் மடியில் டிபன் பாக்ஸை வைத்துத் தயிர்சாதத்தை விழுங்குவேன். வியர்வை லோட் ஷீட்டில் சொட்டி, போட்ட கையெழுத்து கரையும்.

அப்படி ஒரு நாளில் என்னோடு பறந்தவர் தூத்துக்குடிப் பக்கத்துக் கேப்டன். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். நான்தான் ஆரம்பித்தேன். "சார், ஏதோ சங்கம்னு பேசிக்கிறாங்களே..." சொல்லி முடிக்கவில்லை, விரலைத் தலைக்கு மேலே காட்டினார். ஏரியா மைக். காக்பிட்டில் பேசுவதெல்லாம் சிவிஆர் என்கிற குரல் பதிவுப் பெட்டியில் ஏறும். "கீழே போய்ப் பேசலாம், தம்பி."

சிவிஆரை யாரும் சும்மா எடுத்துக் கேட்டுவிட முடியாது, அது விபத்து விசாரணைக்கான பெட்டி. எங்களுக்கு இருந்த பயத்தில் அதெல்லாம் எங்கே நினைவு வருகிறது? இறங்கிப் போய், மெயின் வீல் பக்கம் குனிந்து டயரைப் பார்ப்பதுபோல நின்றோம். லைசென்ஸ் ஃபோல்டருக்குள்ளிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார்.

"நாலு பேர் போட்டாச்சு. ஏழு வேணும்."

அன்றைக்கு (2025 வரை) நடப்பில் இருந்த 1926-ஆம் வருடத்துத் தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு பேர் விண்ணப்பித்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். 2001-இல் திருத்தம் வந்தது: மொத்தத் தொழிலாளரில் பத்து சதவீதம் அல்லது நூறு பேர், எது குறைவோ அது, ஆனால் எப்படியும் ஏழுக்குக் குறையக் கூடாது. பைலட்களை மட்டும் கணக்கில் எடுத்தால் அறுபது பேரில் பத்து சதவீதம் ஆறு, ஆக எங்களுக்கு ஏழு. கேட்க எவ்வளவு சுலபம்! பதிவு செய்தாலும் நிர்வாகம் நம்மோடு உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"அடுத்த வாரம் சொல்றேன் சார்" என்றேன்.

அன்று இரவு அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் அரசு பஸ் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர். 2018 ஜனவரியில் எட்டு நாள் பஸ் ஓடவில்லையே, அந்த ஸ்டிரைக்கிலும் இருந்தவர். "பஸ் ஓட்டுறவனுக்கு ஒரு டெப்போவுல நாலு சங்கம் இருக்கு. பிளேன் ஓட்டுறவனுக்கு ஒண்ணுகூட இல்லியா?" என்று சிரித்தார். பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "அதெல்லாம் பெரியவங்க பார்த்துக்கட்டும், நீ போடாதடா." அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கடன் அவர் பேரில் இருந்தது.

நான் போடவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "அடுத்த வாரம் சார்" என்றே மூன்று வாரம் ஓட்டினேன். அவர் எப்படியோ ஏழு பேரைச் சேர்த்துவிட்டார், ஆனால் பதிவாளரிடம் போவதற்குள் பட்டியல் மேலே போய்விட்டது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். யாரும் மிரட்டவில்லை. டீ கொடுத்தார்களாம். ஒருவரிடம் கமாண்ட் அப்கிரேட் எப்போது என்று விசாரித்தார்கள், ஒருவரிடம் பாண்டு முடிய எவ்வளவு பாக்கி என்று, இன்னொருவரிடம் பிள்ளை எந்த ஸ்கூலில் படிக்கிறான் என்று. மூன்று பேர் பின்வாங்கினார்கள். கேப்டனுக்கு ஒரு மாதம் முழுக்க ஸ்டாண்ட்பை போட்டார்கள், கூப்பிட்டால் மட்டும் பறக்கலாம். பறந்தால்தான் அலவன்ஸ் என்பதால் அதுவே தண்டனை. வேறு இடம் போகலாம் என்றால் 2017 விதிப்படி கமாண்டர் ஒரு வருட நோட்டீஸ் கொடுக்க வேண்டும், எங்களைப் போன்றவர்கள் ஆறு மாதம். அவர் அந்த ஒரு வருடத்தை எண்ணத் தொடங்கினார்.

அப்புறம் கொரோனா. 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதம் உள்நாட்டு விமானங்களே இல்லை. கம்பெனி அதிலிருந்து எழுந்திருக்கவில்லை. சம்பளப் பாக்கிக்காக வக்கீலிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "நீங்க தொழிலாளியா, தொழிலாளி அல்லாத ஊழியரா?" திவால் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் தொழிலாளியின் 24 மாதப் பாக்கி, ஈடு வாங்கிக் கடன் கொடுத்த பேங்கோடு சமமாக நிற்கும். மற்ற ஊழியருக்கு அதற்கு அடுத்த வரிசை, அதுவும் 12 மாதம்தான். கமாண்டர் மற்ற சிப்பந்திகளை மேற்பார்வை செய்பவர், அதனால் தொழிலாளி இல்லை என்பது கம்பெனிகள் வழக்கமாகச் சொல்லும் வாதம். பைலட்டும் தொழிலாளிதான் என்று டெல்லி உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொன்னது எங்களுக்குக் காலம் கடந்து வந்த செய்தி. சங்கம் இருந்திருந்தால் ஒரே வக்கீல், ஒரே மனு. நாங்கள் அறுபது பேரும் தனித்தனியாகப் படிவம் நிரப்பினோம்.

மலைக்கோட்டைப் பொண்ணு:

அந்த டீ கதையைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே அமெரிக்காவில் அதற்குப் பதில் பீட்சா.

நான் திருச்சி. கல்யாணமாகி இங்கே வந்து, இன்ஸ்ட்ரக்டராக 1,500 மணி நேரம் சேர்த்து ஒரு ரீஜனலில், அதாவது பெரிய ஏர்லைனுக்காகக் குட்டி விமானம் ஓட்டும் கம்பெனியில், ஏறினேன். 76 சீட் ஜெட். வெளியே பெரிய ஏர்லைனின் பெயிண்ட், உள்ளே சம்பளம் போடுவது வேறு கம்பெனி. நான் சேர்ந்த இடத்தில் தேசிய அளவிலான சங்கம் கிடையாது. கம்பெனியே செலவு செய்து நடத்தும் ஒரு 'பைலட் குழு' இருந்தது. மோசமானவர்கள் இல்லை. ஆனால் சாப்பாடு போடுகிறவரிடமே சண்டை போட முடியுமா?

இங்கே ஏழு பேர் கதை இல்லை. விமானத் துறைக்கும் ரயில்வேத் தொழிலாளர் சட்டம்தான், 1936 முதல். நாடு முழுக்க அந்த கம்பெனியின் பைலட்களில் பாதிப் பேர் சங்கம் வேண்டும் என்ற கார்டில் கையெழுத்துப் போட்டால்தான் ஓட்டெடுப்பே நடக்கும். 2012 வரை 35 சதவீதம் போதும், அந்த வருடம் காங்கிரஸ், அதாவது இங்கத்து நாடாளுமன்றம், ஏற்றிவிட்டது. கார்டில் தேதியை நம் கையாலேயே எழுத வேண்டும், ஒரு வருடத்துக்கு மேல் பழசானால் செல்லாது. ஓட்டெடுப்பில் ஜெயித்துவிட்டால் போட்டவர், போடாதவர் எல்லோருக்கும் ஒரே ஒப்பந்தம்.

எனக்குப் பிடித்த விஷயம் இது: 2010 வரைக்கும் ஓட்டே போடாமல் வீட்டில் இருந்தவரை 'வேண்டாம்' என்று சொன்னவராகக் கணக்கு வைத்தார்கள். மொத்தப் பேரில் பாதிக்கு மேல் 'வேண்டும்' என்று வர வேண்டும். அநியாயமான விதி என்று மாற்றினார்கள், சரிதான். ஆனால் ஏடிஆர்க்காரன் அண்ணா, உங்கள் மூன்று வாரத்துக்கு அந்தப் பழைய விதி அப்படியே பொருந்துகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அதே ரகம்தான். பையில் கார்டை வைத்துக்கொண்டு நாலு மாதம் சுற்றினேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. தயங்கியதற்குக் காரணம் வேறு. ரீஜனலை எல்லோரும் பஸ் ஸ்டாப் மாதிரிதான் பார்ப்பார்கள். இரண்டு மூன்று வருடம், பிறகு பெரிய ஏர்லைன். போகிற இடத்தில் சீனியாரிட்டி பூஜ்யத்திலிருந்து ஆரம்பம், அப்படியிருக்க விட்டுப் போகும் வீட்டுக்கு எதற்கு வெள்ளையடிப்பது? சம்பளத்தில் 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சந்தா வேறு.

சீனியர்களின் பயம் இன்னொரு மாதிரி. அவர்கள் வாயைத் திறந்தாலே காமேர் கதை வரும். 2001-இல் சின்சினாட்டியை மையமாகக் கொண்ட அந்த ரீஜனலின் பைலட்கள் 89 நாள் ஸ்டிரைக் செய்து, அன்றைக்கு ரீஜனல்களிலேயே நல்ல ஒப்பந்தம் ஒன்றை வாங்கினார்கள். 2012-இல் கம்பெனியே மூடப்பட்டது. ஸ்டிரைக்தான் காரணமா, 50 சீட் ஜெட் கட்டுப்படியாகாமல் போனதா என்று இன்றைக்கும் க்ரூ ரூமில் சண்டை. எது எப்படியோ, பெரிய ஏர்லைன் தன் ரூட்டுகளை யார் மலிவோ அவருக்குக் கொடுக்கும். ஒரு ரீஜனலில் சம்பளம் ஏறினால் விமானம் பக்கத்து ரீஜனலுக்குப் போய்விடும். அது கற்பனை இல்லை.

என்னைக் கையெழுத்துப் போட வைத்தது சம்பளம் இல்லை, ஒரு விசாரணை அறிக்கை. 2009 பிப்ரவரியில் பஃபலோ பக்கம் விழுந்த கோல்கன் விமானம், ஐம்பது பேர் இறந்தார்கள். அதன் எஃப்.ஓ.வுக்கு 24 வயது. விசாரணையில் சொல்லப்பட்ட வருடச் சம்பளம் சுமார் 16,000 டாலர். பேஸ் நியூவார்க், வீடு சியாட்டில் பக்கம். நியூவார்க்கில் ரூம் எடுக்க வழியில்லாமல் ராத்திரி முழுக்க சரக்கு விமானத்தில் தொற்றிக்கொண்டு நாட்டைக் குறுக்கே கடந்து டியூட்டிக்கு வந்தவள். விபத்துக்கு முதல் காரணமாக அறிக்கை சொன்னது ஸ்டால் எச்சரிக்கை (இறக்கை தாங்கும் சக்தியை இழக்கப் போகிறது என்ற எச்சரிக்கை) வந்தபோது கேப்டன் செய்த தவறைத்தான், தூக்கத்தை இல்லை. ஆனால் அதைப் படித்த அன்று நானும் க்ரூ ரூம் சோஃபாவில்தான் படுத்திருந்தேன். எழுந்து கார்டை எடுத்துத் தேதி எழுதினேன்.

பாதிப் பேர் சேரவில்லை. என் கார்டு காலாவதி ஆனது. நான் இப்போது வேறு ஏர்லைனில், சந்தா கட்டுகிறேன்.

செக் பைலட்:

இங்கே எல்லோரும் ஒரு பக்கமாகவே எழுதுவதால் இதைச் சொல்கிறேன். நான் இதுபோல ஒரு சின்ன ஏர்லைனில் மற்ற பைலட்களைச் சோதிக்கும் ட்ரெய்னராக இருந்தேன். தாள் என்னிடமும் வந்தது. போட மாட்டேன் என்று நேராகவே சொன்னேன்.

2012-இல் ஏர் இந்தியாவில் இந்தியன் பைலட்ஸ் கில்ட் என்ற சங்கத்துப் பைலட்கள் 58 நாள் வேலைக்குப் போகாமல் இருந்தார்கள். நூறு பேர் அளவுக்கு வேலை நீக்கம், சங்கத்தின் அங்கீகாரமும் ரத்து. கடைசியில் கோர்ட்டில் உறுதி கொடுத்துத் திரும்பினார்கள். அது அரசாங்கக் கம்பெனி, தாங்கியது. நாங்கள் ஐந்து விமானம் வைத்திருந்தோம், ஐந்தும் வாடகை. ஒரு வாரம் பறக்காவிட்டால் லீஸுக்குக் கொடுத்தவன் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவான். அப்புறம் யாரிடம் சம்பள உயர்வு கேட்பது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் சம்பளத்தை நான் தனியாகப் பேசி வாங்கியிருந்தேன், மற்ற கமாண்டர்களைவிடக் கூட. சங்கம் வந்தால் அது வெளியே வரும். அதுவும் என் மனதில் இருந்தது.

ஏடிஆர்க்காரன்:

செக் பைலட் சார், கடைசிப் பத்திக்கு நன்றி. அதை யாரும் எழுத மாட்டார்கள். லீஸ் கணக்கும் சரிதான், எங்கள் விமானங்களும் அப்படித்தான் போயின. ஆனால் எங்கள் ஏழு பேர் கேட்டது ஸ்டிரைக் இல்லை. ரோஸ்டரை மாலை ஆறு மணிக்குப் பிறகு மாற்றாதீர்கள், சம்பளத் தேதியை எழுத்தில் கொடுங்கள். அந்தத் தாளில் இருந்தது இந்த இரண்டும்தான். நானே அதை முழுசாகப் படித்தது கம்பெனி மூடிய பிறகுதான்.

மலைக்கோட்டை, கோபமெல்லாம் இல்லை.

செக் என்ன ஆயிற்று என்று தனியாகக் கேட்டவருக்கு: நான்கும் திரும்ப வரவில்லை. அந்த அக்கவுண்ட்டையே மூடிவிட்டேன். ஜூனியர் பையனுக்கும் முதல் வேலையாக அவனுடைய செக் நம்பர்களை எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். குறித்து வைத்திருக்கவில்லையாம். எத்தனை செக் கொடுத்தான் என்றே நினைவில்லை என்கிறான்.