ஒரு கோடிக்கு இதய பம்ப்: தோப்பை விற்கலாமா?

தாராபுரத்துக்காரன்: பெரியப்பாவுக்கு 62 வயது. இரண்டு அட்டாக்குக்குப் பிறகு இதயத்தின் பம்பிங் திறன் 15 சதவீதம்தான். போன மாதம் மட்டும் மூச்சுத் திணறி மூன்று முறை அட்மிட். மாற்று இதயத்துக்குப் பதிந்து காத்திருக்கலாம், இல்லையென்றால் எல்வாட் என்ற பம்ப்பை இதயத்தோடு பொருத்தலாம் என்கிறார் கோவை டாக்டர். எல்லாம் சேர்த்து ஒரு கோடிக்கு மேல். நாலு ஏக்கர் தென்னந்தோப்பை விற்றுவிடலாம் என்கிறான் அண்ணன். பெரியம்மா வாயே திறக்கவில்லை. என்ன செய்யலாம்?

சென்னிமலை செல்வம்: விற்காதீங்க. போர்வெல் மோட்டாரே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை காயில் போகிறது. நெஞ்சுக்குள் போனால் யார் கழற்றி மாட்டுவது?

பீளமேடு பம்ப்காரர்: முப்பது வருஷமாக மோட்டார் வேலை என்பதால் இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். நம் சப்மெர்சிபிளில் முதலில் தேய்வது பேரிங்கும் புஷ்ஷும். ஹார்ட்மேட் 3 என்ற எல்வாட் பம்ப்பில் பேரிங்கே கிடையாது. காந்த விசையில் அந்தரத்தில் நின்றபடி நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்று அளவில் ஓடுகிறது, எதிலும் உரசாது. சுற்றிலும் தாராளமாக இடைவெளி விட்டிருப்பதால் ரத்த அணுக்கள் நசுங்குவதும் குறைவு. (வரைபடத்தைப் பார்த்து அரை நாள் வேலையே ஓடவில்லை எனக்கு.) முந்தைய ஹார்ட்மேட் 2-ல் பேரிங் உண்டு, உள்ளே ரத்தம் கட்டும் தொல்லையும் அதிகம். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வில் 5 வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் புதியதில் 58 சதவீதம், பழையதில் 44.

சென்னிமலை செல்வம்: அப்போ 100 பேரில் 42 பேர் போய்விட்டார்கள். அதற்கு ஒரு கோடியா?

பீளமேடு பம்ப்காரர்: பம்ப் இல்லாவிட்டால் என்ன கணக்கு என்று பாருங்கள். 2001-ல் வந்த ரீமேட்ச் ஆய்வில், மாத்திரை மருந்தோடு இருந்தவர்களில் ஒரு வருஷம் தாண்டியவர்கள் 25 சதவீதம். அன்றைய முரட்டு பம்ப்பிலேயே 52.

சென்னிமலை செல்வம்: அதே ஆய்வில் இரண்டாவது வருஷம் பம்ப் வைத்தவர்களே 23 சதவீதம்தான். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பீளமேடு பம்ப்காரர்: சரி, சொல்லியிருக்க வேண்டும். மாத்திரையில் 8.

கொடுமுடி மகள்: பம்ப் வைத்தால் மாற்று இதயம் கிடையாது என்று அர்த்தமில்லை. காத்திருக்கும் காலத்தைக் கடத்தவும் வைப்பார்கள். அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் டிக் செனி 2010-ல் பம்ப் வைத்து, 2012-ல் 71 வயதில் மாற்று இதயம் பெற்றார். என் அப்பா பம்ப் இல்லாமல், பட்டியலில் பெயரோடு காத்திருந்தே போய்விட்டார். செல்வம் அண்ணா கணக்குப் போடுவதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

சென்னிமலை செல்வம்: வருத்தமாக இருக்கிறதம்மா. ஆனால் டிக் செனி தென்னந்தோப்பு விற்றா வைத்தார்? ஆபரேஷனில் ஏதாவது ஆகிவிட்டால் பெரியம்மா எதை வைத்துச் சாப்பிடுவார்?

கோபி நர்ஸ்: பம்ப் வைத்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். மோட்டாரை விடத் தொல்லை கொடுப்பது வயர்தான். வயிற்றைத் துளைத்து வெளியே வந்து, இடுப்பில் இருக்கும் கன்ட்ரோலருக்குப் போகும். அந்த ஓட்டை ஆறி மூடிவிடாது. சுத்தமான கையால் விடாமல் கட்டு மாற்ற வேண்டும், கொஞ்சம் அசந்தால் சீழ். அமராவதியில் இறங்கிக் குளிப்பதெல்லாம் முடிந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும், அதன் அளவு சரியா என்று பார்க்கும் ஐஎன்ஆர் ரத்த டெஸ்ட்டும் கடைசிவரை உண்டு. ரத்தம் உறைந்தால் பக்கவாத பயம், மாத்திரை அளவு கூடினால் குடலில் ரத்தக் கசிவு.

கரண்ட்? ஒரு ஜோடி பேட்டரி 17 மணி நேரம் வரை தாங்கும், இரவில் பிளக்கில் மாட்டிவிடுவார்கள். மாதாந்திர ஷட் டவுனைச் சமாளிக்கலாம். இன்னொன்று, பலருக்கு நாடி கைக்குத் தட்டுப்படாது. மயங்கி விழுந்தால் அக்கம்பக்கத்தார் முடிந்துவிட்டது என்று அழ ஆரம்பித்துவிடுவார்கள். இப்போதே சொல்லி வையுங்கள்.

தோப்பைப் பேசும் முன் டாக்டரிடம் கேளுங்கள்: இதயத்தின் வலது பக்கம் எப்படி? கிட்னி எப்படி? எல்வாட் இடது பக்கத்துக்கு மட்டுமே கை கொடுக்கும். வலதும் தளர்ந்திருந்தால் கதையே வேறு. அப்புறம், கட்டு மாற்றப் போவது யார்?

தாராபுரத்துக்காரன்: அதைத்தான் வீட்டில் கேட்டேன். பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் நடுங்கும் கையை நீட்டிக் காட்டினார். அண்ணி தான் கற்றுக்கொள்வதாகச் சொன்னார். அண்ணன் திருப்பூரில் கம்பெனி வைத்திருப்பதால் அவனை நம்ப முடியாதாம். செவ்வாய்க்கிழமை வலது பக்கத்துக்கான டெஸ்ட். மாற்று இதயப் பட்டியலில் பதியவும் அன்றே கேட்கிறோம். தோப்புக்கு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார், அட்வான்ஸ் இன்னும் வாங்கவில்லை.