எட்டு அறை விடுதி: ஜமக்காளத்துக்காகக் கட்டிலை மாற்றிய கதை

சென்னிமலையிலிருந்து காங்கேயம் போகிற ரோட்டில், கொஞ்சம் உள்ளடங்கி, எங்கள் அப்பாரு (தாத்தா) கட்டிய, நடுவில் திறந்த முற்றம் உள்ள தொட்டிக்கட்டு வீடு இருக்கிறது. ஓடெல்லாம் பெயர்ந்து, ஆசாரம் என்கிற கூடத்தில் தேங்காய் கொட்டி வைத்திருந்தோம். அதைத்தான் 8 அறை கொண்ட தங்கும் விடுதியாக மாற்றினோம். உள்ளூர்க் கலைஞர்களின் வேலையை வைத்து விடுதி அமைப்பது பற்றி இங்கே சிலர் கேட்டிருந்தீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு உள் அலங்கார நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தோம். காங்கேயம் காளை, கோபுரம், தறியில் ஓடும் கை என்று படங்களைக் கேன்வாஸில் அச்சடித்து பிரேம் போட்டுக் கொண்டுவந்தார்கள். படங்கள் அழகுதான். ஆனால் எந்த ஊர் விடுதியிலும் அவற்றை மாட்டலாம். மனசு ஒப்பவில்லை, திருப்பி அனுப்பிவிட்டோம். கொடுத்த முன்பணம் போனது போனதுதான்.

அப்புறம் கட்டிலில் விரிக்க ஜமக்காளம் தேடிப் பவானிக்குப் போனேன். ஜமக்காளம் நெய்கிற பெரியவர் ஒருவர் நான் கொண்டுபோன நிற அட்டையைப் பார்க்கக்கூட இல்லை. "கட்டில் சொல்லியாச்சுங்களா?" என்றார். ஆறடி அகலத்துக்குச் சொல்லிவிட்டேன் என்றேன். "அப்படின்னா என்னோட தறி உங்களுக்கு ஆகாதுங்க."

குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற குழித்தறியில், நூல் இழைகள் கோத்திருக்கும் அச்சு எவ்வளவு அகலமோ, ஜமக்காளமும் அவ்வளவுதான். நீளத்தைப் பாவு (நீளவாட்டு நூல்) ஓட்டும்போது கூட்டிக்கொள்ளலாம், அகலத்தைக் கூட்ட வழியில்லை. அகலத் தறி என்றால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குறுக்கு நூல் சுற்றிய நாடாவை ஒருவர் தள்ள ஒருவர் வாங்கி நெய்ய வேண்டும். அவரோடு உட்கார்ந்தவர் தறியை விட்டுப் போய் வருஷக்கணக்காகிறது. அன்று ராத்திரியே கட்டில் ஆர்டரை நிறுத்தினேன். பெரியவரின் தறி அகலத்தை அளந்து, அதற்கேற்ற ஒற்றைக் கட்டில்களாக எங்கள் ஊர் ஆசாரியிடம் செய்யச் சொன்னேன். கட்டில் சிறுத்ததும் ஒவ்வொரு அறையிலும் ஜன்னலோரம் இடம் மிச்சமாகி, உட்கார ஒரு திண்ணை வந்தது. வரைபடத்தில் அது இல்லவே இல்லை. இப்போது வருகிறவர்கள் பாதி நேரம் அதில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நிறத்திலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நான் வெளிர் நிறமாகக் கேட்டேன். "செவப்பும் பச்சையும் இல்லாம ஜமக்காளமாங்க?" என்றார். ஆறு அறைக்கு அவர் சொன்ன நிறம், இரண்டு அறைக்கு நான் சொன்னது என்று முடிவானது. அவர் நிறம்தான் அறையை நிறைக்கிறது, உண்மையைச் சொல்ல வேண்டுமே. ஆசாரத்தில் பேசினால் எதிரொலிக்கிறது என்று புலம்பியபோது, பெரிய ஜமக்காளம் ஒன்றைச் சுவரில் கட்டிப் பார்க்கச் சொன்னதும் அவர்தான். தடித்த பருத்தி நூல் சத்தத்தை உறிஞ்சிவிட்டது.

திருமுருகன்பூண்டியில் வேறு பாடம். வரவேற்பறைக்கு ஒரு பிள்ளையார் சிலை கேட்டேன். "பூசை நடக்காத எடத்துக்குச் சாமி செஞ்சு தரமாட்டனுங்க" என்றார் சிற்பி. கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் அதற்குமேல் பேச்சில்லை. நேரில் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய பழைய கல் தொட்டி வேலியோரம் கவிழ்ந்து கிடந்தது. அதைத் துப்புரவாக்கி, விளிம்பில் தாமரைக்கொடி ஒன்று செதுக்கி, கால் கழுவும் தொட்டியாக வாசலில் வைத்துக் கொடுத்தார். மாடிக்கும் கல் வேலை கேட்டேன். பழைய மர உத்தரம் கருங்கல்லைத் தாங்காது என்று தடுத்துவிட்டார்.

அறைகளுக்குக் கொங்கு நாட்டு ஆறுகளின் பெயர்: பவானி, காவிரி, நொய்யல், அமராவதி, மோயாறு, சிறுவாணி, உப்பாறு, கௌசிகா. ஈரோட்டில் ஒரு காலத்தில் சினிமா பேனர் வரைந்த ஓவியர், பிளெக்ஸ் வந்தபின் வேலை குறைந்துபோனவர், ஒவ்வொரு கதவிலும் எனாமல் பெயின்டில் கையால் எழுதினார். ஒரு கதவுக்கு ஒரு நாள். கீழே ஓரத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது. அதைப் போடச் சொல்லி நான்தான் மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது.

வாசலுக்கு டைல்ஸ் வாங்கி அடுக்கியாகிவிட்டது. வள்ளி, முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மியைச் சொல்லித்தரும் ஒரு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "வெறுங்கால்ல அடி வெச்சுக் குதிக்கறதுங்க தம்பி, இதுல வழுக்கி உழுந்துருவோம்" என்றார். டைல்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மண் வாசலாகவே விட்டுச் சாணி மெழுகுகிறோம். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பத்ரப்பன் ஐயாவுக்கு இந்தக் கலைக்காக 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்ததை அந்த அக்கா அவ்வளவு பெருமையோடு சொல்வார். பெண்களுக்கும் கும்மி சொல்லிக்கொடுத்தவர் பத்ரப்பன் ஐயா. மாதம் ஒரு முறை எங்கள் வாசலில் பயிற்சி நடக்கிறது. தங்க வந்தவர்கள் பார்க்கலாம், சேர்ந்தும் ஆடலாம். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. சொல்லித்தருகிறவருக்கு நாங்கள் கொடுத்துவிடுகிறோம்.

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர்:
எங்கள் தோப்பு விடுதிக்கு மண் குதிரை சொன்னேன், அதுவும் ஐப்பசியில். மண் வேலை செய்கிற வேளார் சிரித்துவிட்டார். உள்ளே பொள்ளலாக, துண்டு துண்டாக வனைந்து காயவைத்துத்தான் சூளையில் வைக்க முடியும். அடைமழையில் மண் எங்கே காயும்? தை பிறந்த பிறகுதான் குதிரை வந்தது. திறப்பு விழாவுக்கு அந்த இடம் காலியாகவே இருந்தது. தேதி குறிக்கும் முன்னால் அவரைக் கேட்டிருக்க வேண்டும்.

பவானியிலிருந்து ஒருவர்:
நான் தறிக்காரர் வீட்டுப் பெண். ஒரு விடுதியில் எங்கள் அப்பா நெய்ததை வெட்டி மிதியடியாகத் தைத்துப் போட்டிருந்தார்கள். அப்பா அதைத் தாண்டிப் போகாமல் வெளியே நின்றுவிட்டார். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனாலும் சோலாப்பூர் விசைத்தறிச் சரக்கை பவானி என்று சொல்லி விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் தறி வரைக்கும் வந்து வாங்குங்கள். அண்ணா, உங்கள் அறையில் வெயில் பட்டுச் சாயம் வெளுத்தால் என்ன செய்வீர்கள்?

என் பதில்:
அம்மணி, நொய்யல் அறையில் ஏற்கெனவே வெளுத்துவிட்டது, மேற்கு ஜன்னல். புதிதாக ஒன்று நெய்து தரக் கேட்டுப் பெரியவருக்குப் போன் செய்தேன். "ரெண்டு பக்கமும் ஒரே நெசவுதானுங்க, திருப்பிப் போடுங்க. புதுசு அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். திருப்பிப் போட்டிருக்கிறோம்.