கிளேசியர்ல நடக்கறதும் கிரெவாஸ் ரெஸ்கியூவும் வீட்லயே கத்துக்க முடியுமா?

ஊர்சுத்தி:
வணக்கம் மக்களே, நாங்க ஃப்ரெண்ட்ஸ் மூணு பேரு, கேதார்கந்தா, ரூபின் பாஸ்னு ட்ரெக் எல்லாம் முடிச்சாச்சு, அடுத்து மணாலி பக்கம் ஃப்ரெண்ட்ஷிப் பீக் (5289 மீட்டர்) போலாம்னு பிளான். கிளேசியர்ல (பனியாறு) நடக்கணும், அங்க கிரெவாஸ்ல, அதாவது ஐஸ் பிளவுல விழலாம்னு சொன்னதும் பயம் வந்து, விழுந்தவர வெளிய இழுக்கற இசட் புல்லி கயிறு செட்டப்ப யூடியூப் பாத்து பழகிட்டு இருக்கோம், மொட்டமாடில தண்ணி டேங்க் தூண்ல ஸ்லிங் போட்டு சிமெண்ட் மூட்டைய இழுக்கறோம், இப்ப பத்து நிமிஷத்துல செட் பண்ணிடறோம். இது போதுமா இல்ல 28 நாள் மலையேற்ற கோர்ஸ் போயே ஆகணுமா? ஐடி வேல, அவ்ளோ லீவு கேட்டா சீட்டையே கிழிச்சிருவாங்க. அப்புறம் மைக்ரோ டிராக்ஷன் (கயிறு பின்னாடி வழுக்காம பிடிக்கற குட்டி புல்லி) வாங்கணுமா? வெல பாத்தா தல சுத்துது.

கயிறுகட்டி:
தம்பி ஆர்வம்லாம் சூப்பர், ஆனா உங்க மொட்டமாடில ஒரு பெரிய ஓட்ட இருக்கு: தூண். கிளேசியர்ல அந்தத் தூண் கிடையாது, அத நீங்கதான் செய்யணும், அதுவும் விழுந்தவனோட வெயிட்டு உங்க ஹார்னஸ (இடுப்புப் பட்டை) இழுத்துட்டு இருக்கறப்போ.

ஒருத்தன் பிளவுக்குள்ள போயிட்டான்னா மத்த ரெண்டு பேரும் உடனே கீழ விழுந்து ஐஸ் ஆக்ஸையும் பூட்ஸையும் பனில குத்தி நிறுத்தணும். நின்னதும் ஒருத்தர் அப்படியே வெயிட்ட தாங்கிட்டு கெடக்க இன்னொருத்தர் ஆங்கர் (கயித்த கட்டற பிடிமானம்) போடணும். பனியா இருந்தா டி ஸ்லாட்: இழுவை வர்ற பக்கத்துக்குக் குறுக்கா குழி வெட்டி ஆக்ஸ படுக்கவச்சு ஸ்லிங் வெளிய வர்றதுக்கு இழுவை பக்கமா ஒரு சின்ன வாய்க்கா வெட்டி விட்டு, மேல பனிய அள்ளிப்போட்டு நல்லா மிதிக்கணும், அந்த வாய்க்கா சரியா இல்லன்னா ஸ்லிங் மேல இழுத்து ஆக்ஸயே பிடுங்கிரும். பனி இல்லாம வெறும் ஐஸ்னா ஐஸ் ஸ்க்ரூ. வெயிட்ட மெதுவா ஆங்கருக்கு மாத்தி அது நிக்குதான்னு பாத்துட்டு, நம்மளும் ஆங்கர்ல கட்டிக்கிட்டு விளிம்புக்குப் போய் அவன்கிட்ட பேசணும், பேக்கையோ ஆக்ஸ் கம்பையோ கயித்துக்கு அடில வைக்கணும் இல்லன்னா கயிறு விளிம்ப அறுத்துட்டு உள்ள பொதஞ்சிரும், அப்புறம் யாரு இழுத்தாலும் வராது. இவ்ளோ முடிஞ்சப்புறம்தான் உங்க இசட் புல்லி.

இதுக்கும் முன்னாடி ஒண்ணு, கயித்துல தொய்வு. மூணு பேர்னா ஒவ்வொருத்தருக்கும் நடுவுல 12லேர்ந்து 15 மீட்டர் வரைக்கும் விடுவாங்க, மிச்சக் கயித்த முன்னாடி பின்னாடி இருக்கறவங்க தோள்ல சுத்திக்கணும், நடுக்கயிறு பனிய லேசா தொட்டும் தொடாம போகணும். கைல சுருட்டி வச்சு நடந்தீங்கன்னா விழறவன் அவ்ளோ தூரம் கூட விழுவான், அந்த வேகத்துல உங்களையும் சேத்து இழுத்துருவான்.

கோர்ஸ் பத்தி: உத்தரகாசி என்ஐஎம், டார்ஜிலிங் எச்எம்ஐ ரெண்டு மலையேற்ற இன்ஸ்டிட்யூட்லயும் பேசிக் கோர்ஸ் 28 நாள். என்ஐஎம்ல டோக்ரியானி கிளேசியர், எச்எம்ஐல சிக்கிம் ரத்தோங் கிளேசியர் பக்கம் கூட்டிட்டுப் போவாங்க. தெனமும் க்ராம்பான் (பூட்ஸ் அடில மாட்டற இரும்பு முள்ளு) போட்டு ஐஸ் மேல நடக்கறீங்க பாருங்க, அந்தப் பழக்கம் வீடியோல வராது. ரெஸ்கியூவ ஆழமா பண்றது அட்வான்ஸ் கோர்ஸ்லதான், அதுக்கு பேசிக்ல ஏ கிரேடு வேணும். கோர்ஸ் முடிச்சா எதுவும் ஆகாதுன்னு நெனக்காதீங்க, 2022 அக்டோபர்ல திரௌபதி கா டண்டா சிகரத்துல என்ஐஎம் அட்வான்ஸ் டீம் மேலயே பனிச்சரிவு வந்து 25 பேருக்கு மேல போயிட்டாங்க.

குளிர்தாங்கி:
நான் சுவிஸில இருக்கிறன், இங்க ஆல்ப்ஸ் கிளப்காரர் சில நாள் கோர்ஸாவே இதை நடத்தினம், அதால 28 நாள் இல்லாட்டி ஒண்டுமே இல்லை எண்டில்லை. ஆனா கேக்க வேண்டிய கேள்வி ஒண்டு இருக்கு: உண்மையான பிளவுக்குள்ள ஆளை இறக்கித் தொங்கவிட்டுப் பழக்குவினமோ? வெளில பனிமேட்டில கயிறு இழுத்துக் காட்டிற கோர்ஸுக்குக் காசு குடுக்காதேங்கோ.

அலெட்ச் கிளேசியர்ல கீழ்ப்பக்கம் கோடைல பனி உருகி வெறும் ஐஸ்தான், பிளவு எல்லாம் கண்ணுக்குத் தெரியும், சுத்திப் போகலாம். மேல யுங்ஃபிராவ்யோக் பக்கம் போனா எல்லாம் பனி மூடிக் கிடக்கும், பாக்க மைதானம் மாதிரி, அங்கதான் ஆபத்து. விடியக்காலமை இறுகி இருக்கிற பனிப்பாலம் (பிளவை மூடின பனி) மத்தியானம் வெயிலுக்கு இளகிப்போம், அதாலதான் இருட்டோட வெளிக்கிடுறது.

மூண்டு பேரில ஒருத்தர் வராமல் ரெண்டு பேராப் போனீங்களெண்டா இடைவெளியைக் கூட்டி கயித்தில இடைக்கிடை முடிச்சுப் போடுங்கோ, முடிச்சு விளிம்புப் பனியில செருகி விழுகையைப் பிடிக்கும். ஆனா அதே முடிச்சு புல்லிக்குள்ளால வராது, அப்ப மிச்சக் கயித்தை வளையமா இறக்கித்தான் தூக்கோணும், அதுக்குக் காணுமான கயிறு உங்கட தோளில இருக்கோணும்.

ஊர்சுத்தி:
ஐயோ தூண் மேட்டர் யோசிக்கவே இல்ல. சரி மூணு பேர்ல ரெண்டு பேரு மேல இருந்தா 3:1 (மூணுல ஒரு பங்கு பலத்துல இழுக்கற இசட் புல்லி) போதும்தானே?

கயிறுகட்டி:
பேப்பர்லதான் 3. காராபினர்ல (கொக்கி) உராய்வு, விளிம்புல உராய்வு, எல்லாம் போக கைக்கு வர்றது ரொம்பக் கம்மி, ரெண்டு பேர் முக்கினாலும் நகராம இருக்கறது சகஜம், அதனால அது மேலயே இன்னொரு 2:1 ஏத்தி 6:1 ஆக்கத் தெரிஞ்சிருக்கணும். அத விட விழுந்தவன் நல்லா இருந்தா அவனே புருசிக் (மெயின் கயித்துல சுத்தி, வெயிட் வந்தா இறுகற குட்டிக் கயிறு முடிச்சு) போட்டு ஏறி வர்றது எவ்வளவோ ஈஸி, மூணு பேரும் மொதல்ல அதப் பழகுங்க. மாமரக் கிளை போதும், ஆனா க்ளவுஸ் போட்டுக்கிட்டு, முதுகுல பேக் மாட்டிக்கிட்டு தொங்குங்க, பேக் பின்னாடி இழுத்து மல்லாக்க சாய்க்கும் பாருங்க, அத கழட்டி கீழ தொங்கவிட்டுட்டு ஏறணும்.

மைக்ரோ டிராக்ஷன் இப்ப வேணாம். நல்ல சாமான்தான், ஆனா ஐஸ் படிஞ்ச கயித்துல பல்லு வழுக்கும், முடிச்சு தெரியாம அத மட்டும் நம்பக்கூடாது. அந்தக் காச சேத்து வச்சு கைடுக்குக் குடுங்க, புக் பண்றப்பவே கயிறு கட்டித்தான் கூட்டிட்டுப் போவீங்களான்னு கேளுங்க, எல்லாரையும் கயிறே இல்லாம வரிசையா ஓட்டிட்டுப் போற ஆளுங்களும் இருக்காங்க.

ஊர்சுத்தி:
புருசிக் கயிறு எவ்ளோ நீளம்ணே?

கயிறுகட்டி:
மெயின் ரோப் 9 எம்எம்னா 6 எம்எம் கார்டு எடு, ஆளுக்கு ஆறு மீட்டர் வாங்கினா போதும். ஒண்ணு குட்டை, ஹார்னஸ்ல மாட்டித் தொங்கறப்ப முடிச்சு கைக்கு எட்டணும், எட்டலன்னா நகத்தவே முடியாது. இன்னொண்ணு கால் வைக்கறதுக்கு, நீளமா. ரெண்டையும் மரத்துல தொங்கிப் பாத்து உன் உயரத்துக்கு சரி பண்ணிட்டு அப்புறமா வெட்டு, வெட்டின முனைய லைட்டர்ல உருக்கி விட்டுரு.