கல்குடாக் கடலுக்கடியில் அந்த எண்ணெய்க் கப்பல்

கொலன்னாவை பவுசர்காரன்:
பாசிக்குடாவில் சுழியோடக் கற்றுத்தரும் மருமகன் 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' என்ற எண்ணெய்க் கப்பலைக் காட்டுகிறேன் என்று கூட்டிப் போனான். 1942 ஏப்ரல் 9, பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸை மூழ்கடித்த அதே நாளில் ஜப்பான் விமானங்கள் இரண்டாக உடைத்த கப்பல். சுமார் 25 மீட்டர் ஆழம். பாசி மூடிய இரும்புக்குள் ஒரு வால்வுச் சக்கரம். மீன்களைப் பார்க்காமல் என் கை நேரே அதற்குப் போய்விட்டது. எண்ணெய் பவுசரில் பதினைந்து வருடமாக நாளும் பொழுதும் திருகுகிற அதே சாமான். கடற்படைக்காரர்களின் கல்லறையில் கை வைத்துவிட்டேனோ என்று இன்னும் உறுத்துகிறது.

கொச்சிக்கடை ஓய்வூதியர்:
கல்லறையுமில்லை, கடற்படைக் கப்பலுமில்லை. அது கம்பனி எண்ணெய்க் கப்பல். ஆட்கள் படகுகளில் தப்பிவிட்டார்கள். அதே நாளில் 'அதெல்ஸ்டேன்' என்ற எண்ணெய்க் கப்பலும், அதற்குக் காவலாகப் போன 'ஹொலிஹொக்'கும் மூழ்கின. அந்த இரண்டில் செத்தவர்கள் காவல் கப்பலில்தான் அதிகம். ஹெர்மிஸில் 307 பேர். அழுவதென்றால் அங்கே அழுங்கள்.

வெள்ளவத்தை ஜெயா:
நானும் ஒருமுறை இறங்கினேன், கலங்கல், ஒன்றும் தெரியவில்லை. அது கிடக்கட்டும். அண்ணா, உடைந்த கப்பலுக்குள் கை நீட்டவே கூடாது. கையுறை போட்டீர்களா? துருப்பிடித்த தகடு கத்தி மாதிரி. ஏர்ப்பு ஊசி எப்போது போட்டீர்கள்? ஏறும்போது உடம்பில் கரைந்த வாயு வெளியேற 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றீர்களா? சுழியோடிய அன்றே விமானம் ஏறாதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரைக்கும்தான் அந்தப் பக்கம் கடல் அடங்கியிருக்கும், மாரியில் மருமகன் எவ்வளவு கூப்பிட்டாலும் போகவேண்டாம்.

கொட்டாஞ்சேனைப் பேத்தி:
ஹெர்மிஸ் மூழ்கியதற்கு நாலு நாள் முன்னால், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்புத் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு விழுந்தது. பூசைக்குப் புறப்பட்ட அம்மம்மா நம்முடைய விமானங்கள் என்று நினைத்துக் கையசைத்தாராம். சாகும்வரை அந்தக் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

ஒருகொடவத்தை மெக்கானிக்:
பவுசர் அண்ணை, எந்தப் பக்கம் திருகினீர்கள்?

கொலன்னாவை பவுசர்காரன்:
மூடுகிற பக்கம். அசையவில்லை.