உச்சவரம்பா, செலுத்துவரம்பா?

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஓய்வூதியத் திட்டங்களிலும் சேமிப்புத் திட்டங்களிலும் ஒருவர் ஓராண்டில் கட்டக்கூடிய அதிகபட்சத் தொகைக்கு ‘ஆண்டுப் பங்களிப்பு உச்சவரம்பு’ என்னும் சொல்லை நண்பர் ஒருவர் முன்வைத்திருந்தார். சேலத்தில் வரிக்கணக்கு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் என்ற முறையில், அச்சொல்லின் இரு பகுதிகளிலும் எனக்கு உடன்பாடில்லை; மாற்றாகச் ‘செலுத்துவரம்பு’ என்பதை முன்வைக்கிறேன்.

முதலில் ‘பங்களிப்பு’. 2003 ஏப்ரல் முதல் பணியில் சேர்ந்த தமிழக அரசு ஊழியர்களுக்கான ‘பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்’ வழியாக இச்சொல் எல்லோருக்கும் பழகிவிட்டது. அத்திட்டம் ஊழியர் பத்து விழுக்காடும் அரசு பத்து விழுக்காடும் போடும் ஏற்பாடு என்பதால் பங்கு என்பதற்குப் பொருள் இருக்கிறது. பொதுச் சேமநல நிதியில் (நாம் பிபிஎஃப் என்றே சொல்கிறோம்) கட்டுபவர் ஒருவரே. தம் பணத்தைத் தம் கணக்கில் போடுபவர் யாருக்குப் பங்களிக்கிறார்?

‘உச்சவரம்பு’ தமிழ்நாட்டில் 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டத்தோடு வேரூன்றிய சொல். ஒருவர் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதைத்தான் அது குறிக்கிறது. எவ்வளவு சேர்க்கலாம் என்பதை அன்று. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திற்கு அது கச்சிதமாகப் பொருந்தும், ஏனெனில் 2023 ஏப்ரலில் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தப்பட்ட தொகை ஒருவரின் மொத்த வைப்புக்கானது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், “வருசா வருசம் முப்பது லட்சம் போடலாங்களா?” என்று என்னிடம் கேட்டார். அவரிடம் அவ்வளவு பணம் இல்லை என்பது வேறு கதை. ஆனால் மொத்த எல்லைக்கும் ஆண்டு எல்லைக்கும் ஒரே சொல்லைப் புழங்கினால் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும்.

மற்றொரு குழப்பத்திற்கு நானே காரணமானேன். வாடிக்கையாளர்களுக்கென்று நான் அச்சிட்ட ஒருபக்கத் தாளில், பிபிஎஃப் பற்றிக் ‘கணக்கு ஒன்றிற்கு ஆண்டு உச்சவரம்பு ரூ.1,50,000’ என்று எழுதியிருந்தேன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் அதை நம்பித் தம் கணக்கில் ஒன்றரை லட்சமும், பள்ளியில் படிக்கும் மகன் பெயரில் திறந்த கணக்கில் ஒரு லட்சமும் கட்டிவிட்டார். ஆடிப் பண்டிகை முடிந்த வாரம், ரப்பர் பேண்ட் போட்ட இரண்டு பாஸ்புக்குகளோடு அவர் வந்து உட்கார்ந்தபோதுதான் என் பிழை எனக்கே தெரிந்தது. தம் கணக்கு, தாம் காப்பாளராக இருக்கும் சிறார் கணக்கு இரண்டும் சேர்ந்தே நிதியாண்டுக்கு ஒன்றரை லட்சம் என்பது விதி; மிகுந்த ஒரு லட்சத்திற்கு வட்டி கிடையாது, அசல் மட்டுமே திரும்பும். வெள்ளித் தூளைக்கூடப் பெருக்கி எடுத்து எடை போடுகிறவரிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

வரம்பு கணக்கைப் பற்றியதன்று, செலுத்தும் ஆளைப் பற்றியது என்பதைச் சொல்லே சுட்ட வேண்டும் என்று அன்று தோன்றியதுதான் ‘செலுத்துவரம்பு’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. ‘நிதியாண்டுச் செலுத்துவரம்பு’ என்று நீட்டினாலும் நாக்கில் இடறாது. பேச்சில் நாம் ‘கட்டுவது’ என்றே சொல்வதால் ‘கட்டுவரம்பு’ என்றும் யோசித்தேன். கட்டுப்பாடு, கட்டடம் என்று மனம் வேறு திசையில் போவதால் விட்டுவிட்டேன். செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் மட்டும் ஒன்றரை லட்சம் என்பது ஒவ்வொரு பெண்ணின் கணக்கிற்கும் தனித்தனி. ஆகவே யாருக்கு, எதற்கு என்பதை வாக்கியத்தில் எழுதியே தீர வேண்டும். சொல் ஒன்றே எல்லாச் சுமையையும் தாங்காது.

தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் பேசப்படும் ரூ.50,000 இந்த இனமே அன்று. அதன் முதல் அடுக்கு (டயர் 1) எனப்படும் முதன்மை ஓய்வூதியக் கணக்கில் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம். பழைய வரிமுறையில் வருமானத்திலிருந்து கூடுதலாகக் கழித்துக்கொள்ளும் தொகைக்கே அந்த எல்லை. அதனைக் ‘கழிவு வரம்பு’ எனத் தனியே பெயரிடலாம்.

அமெரிக்காவிலிருக்கும் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் என்னிடம் கேட்பதால் அதையும் சேர்க்கிறேன். அங்கு ஐஆர்ஏ எனப்படும் தனிநபர் ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கிற்கு 2025இல் 7,000 டாலர் எல்லையாக இருந்தது. மிகுதியை எடுக்காமல் விட்டால் ஆண்டுதோறும் அதன்மேல் 6 விழுக்காடு தண்டவரி. அவர்களது ஆண்டு ஜனவரியில் தொடங்குவதால், ‘நிதியாண்டு’ என்ற முன்னொட்டை அங்கே ஒட்டக் கூடாது. ஐம்பது வயது நிறைந்தவர்கள் 2025இல் மேலும் 1,000 டாலர் செலுத்த முடிந்தது. ஆங்கிலத்தில் ‘கேட்ச்-அப்’ எனப்படும் இந்தக் கூடுதல் சலுகைக்கு ‘விட்டதைப் பிடித்தல்’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். எதையும் விடாதவருக்கும் அச்சலுகை உண்டு என்பதால் ‘வயதுசார் கூடுதல் வரம்பு’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

தாளைத் திருத்தி மறுபடியும் அச்சுக்குக் கொடுக்க இருக்கிறேன். ‘செலுத்துவரம்பு’ என்பதைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்பதில் இலக்கணம் அறிந்தவர்கள் கருத்துச் சொன்னால் அதன்படியே அடிப்பேன்.